சனிக்கிழமை வகுப்பை நிறுத்தலாமா?

வணக்கம் சேர்,

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணிதம் படிப்பிக்கிறோம். முதல் வாரம் வாசிகசாலையில் இருக்க இடமில்லை. இப்போது ஆறு பேர்தான் வருகிறார்கள். தாய் தகப்பனுக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. "இதை விட்டுவிட்டு டவுனில் ரெண்டு நாள் செமினார் வைப்போம், இருநூறு பேர் வருவார்கள்" என்கிறார்கள் நண்பர்கள். நிறுத்திவிடலாமா?

– ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டாம். நாலு பேர் போகிறீர்கள், ஆறு பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒன்றரைப் பிள்ளை! கொழும்பில் காசைக் கொட்டினாலும் இப்படியொரு ரியூசன் கிடைக்காது.

செமினாரைக் குறை சொல்லவில்லை. மொறட்டுவைப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர்கள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள், அருமையான வேலை. ஆனால் அதை எழுத வருகிற பிள்ளை பெரும்பாலும் பாடத்தை ஒரு தரம் படித்து முடித்த பிள்ளை. அவனுக்கு வேண்டியது பரீட்சைப் பழக்கம். உங்களிடம் வருகிறவன் சமன்பாடு விளங்கவில்லை என்பான். கொப்பியை வாங்கிப் பாருங்கள்: மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதியிருப்பான். கீழ் வகுப்பில் விட்ட இடம் அது. அதற்குப் பிறகு கரும்பலகையைப் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டியிருக்கிறான். இருநூறு பேருக்கு நடுவில் எழும்பி "எனக்குப் பின்னம் தெரியாது" என்பானா? ஆறு பேருக்குள் சொல்வான். அதுவும் உடனே சொல்லமாட்டான், உங்கள் முகம் பழகவேண்டும்.

அதனால் பாஸ்ட் பேப்பரை எல்லாம் கொஞ்ச நாள் பைக்குள்ளேயே வையுங்கள். பின்னம், சதவீதம், திசைகொண்ட எண்கள் (நேர், மறை எண்கள்). இந்த மூன்றையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால், முதல் வினாத்தாளில் தலா 2 புள்ளிக்கு வருகிற குறுவினாக்களில் கைவைக்கத் தைரியம் வரும். சாதாரண சித்தியான எஸ் எடுக்க 35 புள்ளி போதும். கணிதத்தில் சித்தியடையாமல் டபிள்யூ விழுந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு எத்தனை கதவு மூடும் என்பது உங்களுக்கே தெரியும்.

தாய் தகப்பன் விஷயத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பெருமளவில் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1970களில்தான். அந்தப் பிள்ளையின் பாட்டி பள்ளிக்கூடம் போயிருந்தால், ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் பார்த்த பள்ளிக்கூடமாகத்தான் இருந்திருக்கும். கொப்பியைத் திறந்து பார்க்க வீட்டில் ஆளில்லை என்பதை அக்கறையில்லை என்று எழுதாதீர்கள்.

அப்புறம், அந்த ஆறு பேரில் பெண் பிள்ளைகள் எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லை. சனிக்கிழமை அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் தம்பி தங்கச்சியைப் பார்ப்பது பெரும்பாலும் மூத்த மகள்தான். காலையில் வைக்கிற வகுப்பென்றால் பின்னேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் சின்னதையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். உங்களில் ஒருவர் பென்சிலும் தாளும் கொடுத்து அதைக் கவனித்துக்கொள்ளட்டும். வராமல் நின்ற பிள்ளைகளின் லயத்து வீட்டுக்கு ஒரு தரம் போய் வாருங்கள். ஏன் வரவில்லை என்று விசாரணை வைக்காதீர்கள். தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டு, அடுத்த வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வாருங்கள். போதும்.

எனக்கிருக்கிற பயம் வேறு. கம்பஸில் உங்கள் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை வரும், வகுப்பு ஒரு மாதம் நிற்கும், அந்த ஆறு பேரும் வரமாட்டார்கள். முதலாம் வருடத்தில் இரண்டு பேரை இப்போதே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குங்கள். வரமுடியாத சனிக்கிழமையை முந்தின வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். யார் எந்தக் கணக்கில் நிற்கிறார்கள் என்று ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தால், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கத் தேவையில்லை.