ராக்கெட் கம்பியில் சிக்குதுங்க, என்ன பண்றது?

கேள்வி: நான் டிப்ளமோ படிக்கிறேன். அட்டைக் குழாயில் 60 செ.மீ. மாடல் ராக்கெட் செய்து, ஏவுகம்பியில் கோக்க இரண்டு லக் (கம்பி நுழையும் சின்னக் குழாய்) ஒட்டினேன், ஒன்று வால் பக்கம், இன்னொன்று மூக்குக்குக் கீழே. பார்வைக்கு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் கம்பியில் விட்டால் பாதியில் இறுகி நின்றுவிடுகிறது. எண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: எண்ணெய் வேண்டாம் தம்பி, தூசி ஒட்டி இன்னும் இறுகும். உருண்டையான குழாயில் கண்ணை நம்பி ஒட்டினால் ஒரு லக் லேசாகத் திரும்பித்தான் உட்காரும். இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் கம்பி நடுவில் வளைந்துதான் நுழையும், அதுதான் உங்கள் இறுக்கம்.

முதலில் கம்பியைப் பாருங்கள். டைல்ஸ் தரையில் உருட்டிவிட்டால் கோணல் உடனே தெரிந்துவிடும், குதித்துக் குதித்து உருளும். கம்பி சரி என்றால் மேல் லக்கை பிளேடால் சீவி எடுத்துவிட்டு அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு முழ நீள அலுமினிய எல் ஆங்கிள் வாங்கி, குழாய் மேல் கூரை மாதிரி கவிழ்த்து வைத்தால் அது தானாக நேராக உட்காரும். அதன் ஓரத்தை ஒட்டிப் பென்சில் இழுத்தால் கோடு குழாயின் அச்சுக்கு இணையாக வரும். வால் லக்கின் நடுவில் தொடங்கி அந்தக் கோட்டை மேலே கொண்டுபோங்கள். மூன்று சிறகு வைத்திருந்தால் கோடு இரண்டு சிறகுக்கு நடுவே, அதாவது சிறகிலிருந்து 60 டிகிரி தள்ளி வர வேண்டும். வரவில்லையென்றால் வால் லக்கையும் பெயர்த்துவிடுவதே நல்லது.

மூக்குக்குக் கீழே ஒட்டியதும் தப்புதான். மேல் லக் கம்பியை விட்டுக் கழன்ற நொடியில், மிச்சம் இருக்கும் ஒரு லக்கைப் பிடித்துக்கொண்டு ராக்கெட் தலையாட்டத் தொடங்கும். 90 செ.மீ. கம்பியில் மேல் லக் வாலிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து பிடிப்பது 40 செ.மீ. தூரத்துக்குத்தான், அதுவே 30-இல் வைத்தால் 60 கிடைக்கும். மோட்டாரும் (மருந்து அடைத்த எரிகுழல்) பாராசூட்டும் உள்ளே வைத்து ராக்கெட்டை விரல் மேல் நிறுத்திப் பாருங்கள், சமமாக நிற்கும் இடம்தான் மேல் லக்குக்கு.

ஒட்டும்போது கம்பியை இரண்டு லக்கிலும் கோத்தபடியே ஒட்டுங்கள். கம்பியில் கொஞ்சம் மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டால் பசை பிடிக்காது. பிளாஸ்டிக் தடைக்கு அப்புறம் பேக்கரியில் கொடுக்கும் காகித ஸ்ட்ரா 4 மி.மீ. கம்பிக்கு லக்காக ஒத்துப்போகும், வெள்ளைப் பசையே பிடித்துக்கொள்ளும். பெயின்ட் அடிக்கும்போது மட்டும் ஓட்டைக்குள் போகாமல் பஞ்சு அடைத்துவிடுங்கள், நிறைய பேருக்கு மாட்டுவது அதில்தான். கடைசியில் கம்பியை நட்டமாகப் பிடித்து ராக்கெட்டை மேலிருந்து விட்டால், தன் எடையிலேயே எங்கும் நிற்காமல் கீழே வர வேண்டும்.

கேள்வி: ஆடியில் எங்கள் ஊர்க் காற்று தெரியுமே. கம்பியைச் சாய்த்து வைத்து ராக்கெட் விடலாமா?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது, அதோடு எதற்கு வம்பு? அமெரிக்க மாடல் ராக்கெட் சங்கத்தின் விதி, செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்க்காதே, காற்று மணிக்கு 32 கி.மீ. தாண்டினால் ஏவாதே என்கிறது. சிறகு எல்லாம் வாலில் இருப்பதால் காற்று வாலைத் தள்ளும், மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பும். மெதுவாகக் கம்பியை விட்டுக் கிளம்பும் ராக்கெட் ரொம்பவே திரும்பும், லக் உரசினால் அந்தக் கொஞ்ச வேகமும் குறையும். மார்கழி, தையில் விடியற்காலையில் பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, மோட்டார் மருந்து வேறு வெடிபொருள் விதிக்குள் வரும் சமாச்சாரம், அதனால் வீட்டில் மருந்து அடைக்காமல் ஏதாவது கல்லூரி வழியாக முறையாக அனுமதி வாங்கிச் செய்யுங்கள்.