மைக்ரோவாட் ஒளி போடும் பாதை

அன்புள்ள ஐயா,

தன் பாதையில் தானே சிக்கிக்கொண்டு, விரியாமல் போகும் ஒளிக்கற்றைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கண்ணாடியில் இது நடக்க அசுர சக்தியுள்ள லேசர் வேண்டுமாம். ஒளிவிலகல் மாறும் படிகங்களில் மட்டும் மைக்ரோவாட் (வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) போதும் என்கிறீர்களே, அவ்வளவு பலவீனமான ஒளியால் ஒரு படிகத்தை என்ன செய்துவிட முடியும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒளி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. படிகத்தின் இரு பக்கமும் கொடுத்திருக்கும் மின்னழுத்தம்தான் வேலையைச் செய்கிறது. எங்கே செய்ய வேண்டும் என்று காட்டுவது மட்டுமே ஒளியின் பங்கு.

ஸ்ட்ரான்சியம் பேரியம் நயோபேட் படிகத்தை எடுத்துக்கொள்வோம். 10 மைக்ரான் அகலக் கற்றை அதனுள் 5 மில்லிமீட்டர் போவதற்குள் இயல்பாகவே ஏறத்தாழ ஐந்து மடங்கு விரிந்துவிடும். இப்போது சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுங்கள். கற்றை விழும் இடத்தில் மாசு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் விடுபடும், அங்கே மின்கடத்தல் கூடும், மின்புலம் தணியும். இருட்டான பகுதியில் புலம் அப்படியே நிற்கும். இந்தப் படிகத்தில் புலத்தைச் சரியான திசையில் கொடுத்தால் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, குறையும். ஆக, இருட்டில் குறைந்து, வெளிச்சத்தில் கூடுதலாகவே நிற்கிறது. வித்தியாசம் பத்தாயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் ஒளி எண் கூடிய பக்கமே வளையும் என்பதால், கற்றையை விரியவிடாமல் பிடித்துவைக்க அது போதும். மின்முனைகளை மாற்றிப் போட்டால் கதை தலைகீழ்: கற்றை வழக்கத்தைவிட அதிகமாகவே சிதறும்.

சரி, மைக்ரோவாட் எப்படிப் போதும்? கண்ணாடியில் ஒளியின் சொந்த மின்புலமே எலக்ட்ரான் மேகத்தை வளைக்க வேண்டும், அதனால்தான் அத்தனை சக்தி. இங்கே முக்கியம் ஒளியின் செறிவு அல்ல, விகிதம். படிகம் முழுவதும் சீராக ஒரு பின்னணி ஒளியைப் பாய்ச்சுவார்கள். கற்றை அதைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்பதுதான் கணக்கு. இரண்டையும் ஒரே அளவில் குறைத்தாலும் அதே சாலிட்டான் (இப்படி விரியாமல் போகும் கற்றை) கிடைக்கும், என்ன, உருவாக அதிக நேரம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கான படிகம் இல்லை இது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, 1966இல் பெல் ஆய்வகத்தில் லித்தியம் நயோபேட் படிகத்தில், ஒளி பட்டு ஒளிவிலகல் மாறும் இந்த விளைவைப் பார்த்தவர்கள் அதை ‘ஒளிச் சேதம்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சேதத்தைக் கொண்டே ஒளியைப் பிடித்துவைக்கலாம் என்று 1992இல் செகெவ், யாரிவ் முதலான இயற்பியலாளர்கள் கணித்தார்கள். அடுத்த ஆண்டே சோதனையிலும் கண்டார்கள்.

படிகத்தின் மந்தத்தனத்தால் லாபமும் உண்டு. சாதாரண மின்விளக்கின் ஒளி, லேசரைப் போல அலைகள் ஒழுங்காக இல்லாமல், கணத்துக்குக் கணம் மாறுவது. படிகத்துக்கு அந்த மாற்றம் எட்டாது, சராசரியை மட்டுமே உணரும். அதனால் 1997இல் மிட்செலும் செகெவும் மின்விளக்கு ஒளியையே இப்படிச் சிக்கவைத்தார்கள்.

அப்புறம், பலவீனமான பச்சைக் கற்றை போட்ட அதே பாதையில், படிகத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத அகச்சிவப்புக் கற்றையை அனுப்பலாம். அது பச்சையைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் அந்த வழியிலேயே போகும்.