பழைய மேகசின் அட்டைய வெட்டி ஃப்ரேம் போடலாமா?

கேள்வி இதுதான்: சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்ங்கிற அமெரிக்க பத்திரிகையோட பழைய இதழ்கள் கொஞ்சம் கிடைச்சிருக்கு, சில அட்டையில சிவப்பும் கறுப்பும் தவிர வேற கலரே இல்ல, வெளுத்துப்போச்சா? அட்டை மேல ஒட்டியிருக்குற முகவரி லேபிள உரிச்சிட்டு அட்டைய மட்டும் வெட்டி மாட்டலாமா?

வெட்டாதீங்க. முழு இதழா இருந்தாதான் கலெக்டர்கள்கிட்ட மரியாதை, வெட்டுன அட்டைய தனியா வித்தா போறது வேற ரேட்டு, திரும்ப ஒட்டவும் முடியாது. சுவத்துல வேணும்னா நல்ல ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி பிரிண்ட் எடுத்து அத மாட்டுங்க, வெயில் பட்டு மங்குனாலும் இன்னொன்னு எடுத்துக்கலாம்.

கலர் பத்தி கவலையே வேணாம், 1926க்கு முந்தின இதழா இருந்தா. அதுவரைக்கும் அவங்க பெரும்பாலும் ரெண்டு கலர்லதான் அட்டை அடிச்சாங்க, முதல் முழு கலர் அட்டை 1926 பிப்ரவரியில வந்தது, வரைஞ்சது அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல். நிஜமாவே வெளுத்திருக்கானு பாக்கணும்னா, ஒரு பக்கம் சிவப்பு அடர்த்தியா, வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் வெளிறி இருக்கானு பாருங்க.

அடுத்தது லேபிள், இங்கதான் நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க. லேபிள் இருந்தா அது சந்தாதாரருக்கு தபால்ல போன காப்பி, கடையில வித்த காப்பில லேபிள் இருக்காது, அதனால கடை காப்பிக்கு கிராக்கி ஜாஸ்தி, உண்மைதான். ஆனா பசை பேப்பருக்குள்ள இறங்கி இத்தனை வருஷம் ஆச்சு, இழுத்தா லேபிளோட சேர்ந்து மையும் பேப்பரும் உரிஞ்சு வரும், தண்ணி தொட்டா இன்னும் மோசம். ஓட்டை விழுந்த அட்டைய விட லேபிள் இருக்குற அட்டை எவ்ளோவோ தேவலை. கிழிசலுக்கு செல்லோ டேப்பும் ஒட்டாதீங்க, மஞ்சளாகி கறை விட்டுடும்.

பழைய மேகசின் உள்தாள் நிறைய மரக்கூழ் பேப்பர்தான், அதுல இருக்குற லிக்னின்ங்கிற மரப்பொருள் காத்தும் வெளிச்சமும் பட்டு பழுப்பாகும், நாளாக ஆக ஆசிட் ஏறி ஓரமெல்லாம் உதிரும், சூடும் ஈரமும் சேர்ந்தா சீக்கிரமே. பாலிப்ராப்பிலீன் இல்லனா பாலியஸ்டர் கவர்ல போட்டு, பின்னாடி ஆசிட் இல்லாத அட்டை வச்சு, படுக்கப் போட்டு அடுக்குங்க. பிவிசி கவர் வேண்டவே வேண்டாம்.

இனிமே வாங்குறதா இருந்தா வருஷத்த பாக்காம ஓவியர பாத்து வாங்குங்கனுதான் சொல்லுவேன். ராக்வெல்ல எல்லாருமே தேடுவாங்க, 1916ல இருந்து 1963 வரைக்கும் அதே பத்திரிகைக்கு முந்நூறுக்கு மேல அட்டை வரைஞ்சவர். அவருக்கே ஆதர்சமா இருந்த ஜே.சி. லெயண்டெக்கரும் அதே அளவு வரைஞ்சிருக்கார், வருஷா வருஷம் புத்தாண்டு இதழ் அட்டையில வந்த அந்த குழந்தை படம் அவரோடதுதான், என் கணக்குல கோடு இழுக்குறதுல அவர்தான் ஒரு படி மேல. பெரிய சம்பவம் நடந்த வார இதழ்னு யாராவது விலை ஏத்தினா யோசிங்க, அதையெல்லாம் எல்லாரும் பத்திரமா எடுத்து வச்சாங்க, அதனாலயே தாராளமா கிடைக்கும்.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்த எண்ணிடுங்க, நடுப்பக்கம் காணாம போயிருக்கும், விளம்பர கூப்பன வெட்டியிருப்பாங்க. அட்டையில மடிப்பும் கறையும் தெரியுது, ஆனா விரல்ல தடவுனா வழவழனு இருக்குனா அது ஸ்கேன் பண்ணி அடிச்ச மறுபதிப்பு.