ஆணை சாக்ரமென்டோவில், பில் யார் தலையில்?

கேள்வி: எங்கள் ஊர் நகர மன்ற பட்ஜெட் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓர் உறுப்பினர் "எஸ்பி 90 பணத்தை நம்பி ஆள் எடுக்க முடியாது" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை. அது என்ன பணம்?
— சான் ஹோசே பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சிரித்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கலிபோர்னியாவில் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு "இனிமேல் நகராட்சிகளும் கவுண்டிகளும் இதைச் செய்தே ஆகவேண்டும்" என்று சொன்னால், அதற்கு ஆகும் செலவை மாநிலமே திருப்பித் தரவேண்டும். அந்தப் பணத்துக்குத்தான் இன்றைக்கும் எஸ்பி 90 என்று பேர். 1972-இல் வந்த சொத்து வரி நிவாரணச் சட்டத்தின் மசோதா எண் அது (எஸ்பி என்றால் செனட் பில்). உள்ளூர் அரசுகள் சொத்து வரியை இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது என்று அதில் கட்டுப்படுத்தினார்கள். வரியை ஏற்றவும் விடாமல் புது வேலையையும் தலையில் கட்டினால் எப்படி என்று கேள்வி வந்ததால், வேலைக்கான பணத்தைத் தருகிறோம் என்று கூடவே எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் 1978-இல் ப்ரொபசிஷன் 13 (மக்களே நேரடியாக வாக்களித்து நிறைவேற்றும் சட்டம்) வந்து சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. உள்ளூர் அரசுகளின் கை சுத்தமாகக் கட்டப்பட்டது அப்போதுதான். அந்தப் பிரசாரத்தை நடத்திய இருவரில் ஒருவரான பால் கேன், அடுத்த வருடமே ப்ரொபசிஷன் 4 என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். 1979 நவம்பரில் மக்கள் அதற்கும் வாக்களித்தார்கள். அதுவரை சாதாரணச் சட்டமாக இருந்த வாக்குறுதி அதோடு மாநில அரசியலமைப்புக்குள் ஏறிவிட்டது: 13-பி பிரிவு, 6-ஆம் உட்பிரிவு. புதிய திட்டமோ கூடுதல் சேவையோ கட்டாயமாக்கினால் மாநிலம் அந்தச் செலவை ஈடுசெய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டு மளிகைச் சீட்டைத் தம்பி கையில் திணிக்கும் அண்ணன் வேலை நடக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். அண்ணன் திருந்தினாரா என்பது வேறு கதை, கீழே வருகிறது.

கேள்வி: அப்படியென்றால் மாநிலம் எது சொன்னாலும் மாநிலமே காசு கொடுத்துவிடுமா? எங்கள் ஊரில் தண்ணீர்க் கட்டணம் ஏறும்போதெல்லாம் "மாநில விதி" என்றுதான் காரணம் சொல்கிறார்கள்.
— சாக்ரமென்டோ வாசகி

பதில்: இல்லைங்க. ஓட்டைகள் நிறைய. 1975 ஜனவரி 1-க்கு முன் போட்ட சட்டங்களுக்கு மாநிலம் தரவேண்டியதில்லை. புதிய குற்றத்தை வரையறுக்கும் சட்டத்துக்கும் இல்லை, அதனால் போலீஸ் செலவு கூடினாலும் சரி. உள்ளூர் அரசே கேட்டு வாங்கிய சட்டம் என்றால் அதற்கும் இல்லை. மத்திய அரசு கட்டாயப்படுத்தியது என்றால் மாநிலம் கையை விரித்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவான சட்டத்துக்கும் கிடையாது. தொழிலாளர் காயமடைந்தால் தரும் இழப்பீட்டுத் தொகையை மாநிலம் ஏற்றியபோது, அந்தக் கூடுதல் செலவைக் கொடு என்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வழக்குப் போட்டது. 1987-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தனியார் கம்பெனியும்தானே அதே தொகையைக் கொடுக்கிறது, இது அரசுக்கென்றே சுமத்திய வேலை அல்லவே என்று கேட்டது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

உங்கள் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் உள்ளூர் அமைப்புக்குக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் இருந்தால், மாநிலம் "மக்களிடம் வாங்கிக்கொள்" என்று சொல்லிவிடலாம். தண்ணீர்ச் சிக்கன விதிகளுக்கு ஆன செலவைக் கேட்டு பாரடைஸ் பாசன மாவட்டமும் வேறு சிலரும் போனார்கள். "நாங்கள் கட்டணத்தை ஏற்றினால் மக்கள் ஆட்சேபம் தெரிவித்துத் தடுத்துவிட முடியும், அப்புறம் அது என்ன அதிகாரம்?" என்று வாதாடினார்கள். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதனால்தான் அந்தச் செலவு உங்கள் வீட்டு பில்லில் வந்து உட்காருகிறது, மாநில பட்ஜெட்டில் உட்காருவதில்லை.

கேள்வி: பணம் உண்டா இல்லையா என்று யார் முடிவு செய்கிறார்கள்? எத்தனை நாளாகும்?
— ஒரு கவுண்டி அலுவலக ஊழியர், பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: 1985-இலிருந்து கமிஷன் ஆன் ஸ்டேட் மேண்டேட்ஸ் என்று ஏழு பேர் கொண்ட ஆணையம் இருக்கிறது. மாநிலக் கணக்குகளைப் பார்க்கும் கன்ட்ரோலர், கஜானாவைப் பார்க்கும் டிரெஷரர், நிதித் துறை இயக்குநர் எல்லாம் உறுப்பினர்கள். உள்ளூர் அரசுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பேரும், பொதுமக்கள் சார்பில் ஒருவரும் உண்டு. சட்டம் அமலுக்கு வந்து அல்லது முதல் செலவு ஆகி 12 மாதத்துக்குள் ஏதாவது ஒரு நகரமோ கவுண்டியோ பள்ளி மாவட்டமோ டெஸ்ட் கிளெய்ம், அதாவது எல்லோருக்கும் முன்னோடியான கோரிக்கை, போடவேண்டும். ஒருவர் ஜெயித்தால் மாநிலம் முழுக்க அதே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். அதன்பின் எந்தெந்தச் செலவைக் கேட்கலாம் என்று ஒரு வழிகாட்டி எழுதுவார்கள், அதை வைத்துக் கன்ட்ரோலர் அலுவலகம் உத்தரவு போடும், அதற்கப்புறம்தான் நீங்கள் படிவம் நிரப்புவீர்கள், மாநில அளவில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்றும் மதிப்பிடுவார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்களே, ஒரு குப்பைத்தொட்டிக் கதை சொல்கிறேன். மழைநீர் வடிகாலில் குப்பை போகக்கூடாது என்பதற்காக 2001-இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார நீர்த்தர வாரியம் என்ற மாநில அமைப்பு ஓர் அனுமதி ஆணை போட்டது. அதில் பேருந்து நிறுத்தங்களில் குப்பைத்தொட்டி வைத்துப் பராமரிக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. கவுண்டியும் பல நகரங்களும் பணம் கேட்டன. மாநிலத்தின் பதில்: "இது மத்திய அரசின் சுத்தமான நீர்ச் சட்டத்துக்காகச் செய்தது, எங்கள் ஆணை இல்லை." தொட்டி விஷயத்தில் உள்ளூர் அரசுகள் பக்கம் நியாயம் என்று ஆணையம் 2009-இல் சொன்னது. வழக்கு மேலே போய், மத்திய சட்டம் தொட்டி வைக்கச் சொல்லவில்லை, அது வாரியம் தானாக எடுத்த முடிவு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மிச்சமிருந்த சட்டக் கேள்விகளுக்காக வழக்கு கீழ் நீதிமன்றங்களுக்குத் திரும்பிப் போனது. பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டிக்கு இத்தனை பாடு.

நீங்கள் உள்ளே இருப்பவர் என்பதால் இன்னொன்று. ஆண்டு கிளெய்முக்கு பிப்ரவரி 15 கடைசி நாள், தாமதித்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள், அது 10,000 டாலருக்கு மேல் போகாது. 1,000 டாலருக்குக் குறைந்த தொகையைக் கேட்கவே முடியாது. பணம் வந்த பிறகும் கன்ட்ரோலர் ஆடிட்டர்கள் வருவார்கள். இந்த வேலைக்கு யார் எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று அன்றன்றைக்கு எழுதிய கணக்கு இல்லாமல், வருடக் கடைசியில் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் வெட்டிவிடுவார்கள். டைம்ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் நாய் தொலைந்துபோனது. நாலாவது நாள் விலங்குக் காப்பகத்துக்குப் போனால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். சட்டத்தில் ஆறு நாள் என்று இருக்கிறதே, இது எப்படி?
— பெயர் சொல்ல விரும்பாத வாசகி

பதில்: வருத்தமாக இருக்கிறதம்மா. நீங்கள் படித்த சட்டம் சரியானதுதான். முன்பு காப்பகங்கள் 72 மணி நேரம் வைத்திருந்தால் போதும். 1998-இல் வந்த ஹேடன் சட்டம் அதை ஆறு வேலை நாளாக்கியது. வார நாளில் மாலையிலோ வார இறுதியில் ஒரு நாளோ திறந்திருக்கும் காப்பகம் என்றால் நாலு வேலை நாள். கூடுதல் நாட்கள் என்றால் கூடுதல் தீனி, இடம், ஆள். அதனால் இது மாநிலம் ஈடுசெய்யவேண்டிய செலவு என்று ஆணையம் ஒப்புக்கொண்டது.

இப்போதுதான் அண்ணன் கதை. மாநிலம் தரவேண்டிய பழைய பாக்கி ஏறிக்கொண்டே போனதால் 2004-இல் ப்ரொபசிஷன் 1ஏ என்ற அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். நகரம், கவுண்டி, சிறப்பு மாவட்டங்களுக்கு (தண்ணீர் போன்ற ஒரு சேவைக்கென்றே உள்ள அமைப்புகள்) ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாநிலம் இரண்டில் ஒன்றைச் செய்யவேண்டும்: ஒன்று பாக்கியைக் கொடு, இல்லையென்றால் அந்த வருடத்துக்கு அந்தக் கட்டாயத்தை நிறுத்திவை. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நடந்தது என்னவென்றால், பணமுடை வந்த வருடங்களில் மாநிலம் வரிசையாக நிறுத்திவைக்க ஆரம்பித்தது. ஹேடன் சட்டத்தின் அந்தப் பகுதிகள் 2009-இலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவை. சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, இணையத்தில் தேடினால் ஆறு நாள் என்றே வரும். ஆனால் காப்பகத்துக்கு அது கட்டாயமில்லை, மாநிலத்துக்குப் பணம் தரும் கடமையும் இல்லை. 2012-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்தப் பகுதிகளை நீக்கியே விடலாம் என்று சொல்லிப் பார்த்தார், விலங்கு ஆர்வலர்கள் கொதித்தெழுந்ததும் அது நடக்கவில்லை. நீக்கவும் மாட்டார்கள், காசும் தரமாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நேராக நீக்கினால் சட்டமன்றத்தில் ஓட்டுப் போட்டவர் பெயர் தெரியும், நிறுத்திவைத்தால் அது பட்ஜெட்டின் உள்ளே ஒரு வரி. நிறைய காப்பகங்கள் தாங்களாகவே கூடுதல் நாள் வைத்திருக்கின்றன, உங்கள் ஊருக்கென்று தனி விதி இருந்தால் அதுவும் பொருந்தும். நகர அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நகர மன்றக் கூட்ட அஜெண்டாவை முன்கூட்டியே ஒட்டுவதையும் ஒரு காலத்தில் இப்படி நிறுத்திவைத்தார்களாமே, உண்மையா?
— இர்வைன் வாசகர்

பதில்: உண்மைதான். உள்ளூர் மன்றக் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்கவேண்டும் என்னும் பிரவுன் சட்டம் (ஆளுநர் பிரவுனுடையது அல்ல) 1953-இல் வந்தது, ஆகவே மூலச் சட்டத்துக்கு மாநிலம் காசு தரவேண்டியதில்லை. 72 மணி நேரத்துக்கு முன் அஜெண்டா ஒட்டவேண்டும் என்பது 1986-இல் சேர்த்தது, அதற்குத் தரவேண்டும். 2012-இல் அதையும் நிறுத்திவைத்தார்கள். பெரும்பாலான ஊர்கள் வழக்கம்போல ஒட்டிக்கொண்டே இருந்தன, ஆனாலும் பத்திரிகைகள் சத்தம் போட்டன. 2014 ஜூனில் ப்ரொபசிஷன் 42 வந்து, திறந்த கூட்டங்கள் சட்டத்தையும் பொதுப் பதிவுகள் சட்டத்தையும் உள்ளூர் அரசுகள் கட்டாயம் பின்பற்றவேண்டும், செலவும் அவர்களுடையதே என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. மக்களின் உரிமை தப்பித்தது, மாநிலத்தின் பர்ஸும் தப்பித்தது.

கேள்வி: பள்ளிகளுக்கும் இதே கதைதானா?
— பெற்றோர் சங்கத்தில் இருக்கும் ஒரு வாசகி, சான் ரமோன்

பதில்: வேறு கதை. "கொடு, இல்லை நிறுத்து" என்ற விதி பள்ளி மாவட்டங்களுக்குக் கிடையாது. அதனால் மாநிலம் பல வருடங்களாக ஒவ்வொரு கட்டாயத்துக்கும் பட்ஜெட்டில் பேருக்கு 1,000 டாலர் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தள்ளிப்போட்டது. ஆயிரம் டாலர், மாநிலம் முழுக்கச் சேர்த்து! பள்ளி வாரியங்கள் சங்கம் வழக்குப் போட்டது, அது அரசியலமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் சொன்னது. 2012-13 முதல் பிளாக் கிராண்ட், அதாவது பல கட்டாயங்களுக்கும் சேர்த்து ஒரே தொகை, வந்தது. ஒரு மாணவருக்கு 28 டாலர் என்று ஆரம்பித்தார்கள். அதை வாங்கிக்கொண்டால் தனித்தனி கிளெய்ம் போடக்கூடாது. சின்ன மாவட்டங்களுக்கு இது நிம்மதி, படிவம் நிரப்பத் தனி ஆள் வைக்க வேண்டாம். உங்கள் மாவட்டம் எதைத் தேர்ந்தெடுத்தது என்று வாரியக் கூட்டத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: என் போன்ற சாதாரணக் குடிமகன் மாநிலத்தின் மேல் இதற்காக வழக்குப் போட முடியுமா?
— ஃப்ரீமான்ட் வாசகர்

பதில்: முடியாது. உங்கள் கவுண்டியில்தான் அந்த வழக்கே எழுந்தது. வசதியில்லாத பெரியவர்களின் மருத்துவப் பொறுப்பை மாநிலம் 1980-களின் தொடக்கத்தில் கவுண்டிகள் மேல் தள்ளிவிட்டது. அலமேடா கவுண்டியில் சிகிச்சைக்குத் தவித்த நோயாளிகளும் வரி கட்டுபவர்களும் சேர்ந்து மாநிலம் பணம் தரவேண்டும் என்று கேட்டார்கள். 6-ஆம் உட்பிரிவு தரும் உரிமை உள்ளூர் அரசுக்குத்தான், தனி மனிதருக்கு இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லிவிட்டது. அதே மருத்துவப் பொறுப்பைப் பற்றி சான் டியேகோ கவுண்டி கேட்டபோது, 1997-இல், ஆமாம் இது மாநிலத்தின் கட்டாயம்தான் என்றது.

நீங்கள் செய்யக்கூடியது: ஆணையத்தின் விசாரணைகள் திறந்தவை, போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். மாநில பட்ஜெட் சட்டத்தில் 8885-295-0001 என்ற எண்ணைத் தேடுங்கள். ஒவ்வொரு கட்டாயத்தின் பேருக்கு எதிரே எவ்வளவு தொகை என்று அங்கே இருக்கும். பூஜ்யம் போட்டு நிறுத்திவைத்த பட்டியலும் அதே இடத்தில்தான். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் கூட்டம் போடும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய், ஒரு பூஜ்யத்தைக் காட்டி ஏன் என்று கேளுங்கள்.