காலைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும்
வாசகர் கேள்வி பதில் – தாதியர் கல்வி

கேள்வி: முழுமையான சுகநல மதிப்பீட்டைப் படிப்பிக்கிறோம். மாணவர்களும் படிவத்தின் கட்டங்களை ஒன்று விடாமல் நிரப்பி வருகிறார்கள். ஆனால் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொன்னால் எல்லா நோயாளிக்கும் ஒரே திட்டம்தான் வருகிறது. எங்கே பிழை?
– தாதியர் ஆசிரியை, திருகோணமலை

பதில்: படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே போவதுதான் பிழை. தாதியியல் அறிஞர் மார்ஜரி கோர்டன் வகுத்த 11 சுகாதாரச் செயற்பாட்டு வகைகள் நல்ல சட்டகம். ஆனால் அவை பதிவதற்கான வரிசை, கேட்பதற்கான வரிசை அல்ல. "தூக்கம் எப்படி? மலசலம் எப்படி?" என்று அடுக்கிக்கொண்டு போனால் "பரவாயில்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

முதல் அமர்வில் படிவமே வேண்டாம். மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறிக்க விடுங்கள். "ஐயா, நேற்று எழும்பினதிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீங்கள் என்று சொல்லுங்கோ" என்று தொடங்கி, 20 நிமிடம் கதைக்கட்டும். பிறகு வெளியே வந்து நினைவிலிருந்து படிவத்தை நிரப்பட்டும். வெறுமையாக நிற்கும் கட்டங்கள்தான் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியவை.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள, காலில் புண்ணோடு வந்திருக்கும் ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம். அவர் பின்னேரம் கடலுக்குப் போகிறவர். வள்ளத்தில் அடிக்கடி சலம் போக முடியாது என்பதால், சலம் போக்கும் பிரஷர் குளிசையை அன்று விட்டுவிடுவார். சீனிக் குளிசையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார். நடுக்கடலில் வியர்த்து நடுங்கினால் களைப்பு என்று நினைப்பார். அது சீனி குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். "குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்தது கால். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கும் 10 கிராம் மோனோபிலமென்ட் இழையை முதலில் அவருடைய கையில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரல் அடியிலும் முதலாம், மூன்றாம், ஐந்தாம் விரல்களுக்குப் பின்னுள்ள பாத மேடுகளிலும் இழை வளையும்வரை அழுத்தி, ஒன்றிரண்டு விநாடியில் எடுக்க வேண்டும். தடித்த தோலிலும் புண்ணிலும் வைக்கக் கூடாது. மாணவர்கள் ஒவ்வொரு முறையும் "தெரியுதா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். "படும்போது சொல்லுங்கோ" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஒழுங்கற்ற இடைவெளியில் தொட வேண்டும். விரலிடுக்குகளையும் செருப்பின் உட்புறத்தையும் பார்க்காமல் கால் பரிசோதனை முடியாது.

"சமயம்: இந்து" என்று எழுதினால் ஆன்மிகக் கட்டம் நிரம்பிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். இந்த ஐயா உணர்விழந்த பாதங்களோடு, உச்சி வெயிலில் கோணேசர் கோயில் வீதியை வெறுங்காலுடன் சுற்றுகிறவரா? கல்லின் சூடு அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. விடியப் போகச் சொல்லலாம், வந்ததும் பாதத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

படிவத்தில் ஒரு நிரலைக் கூட்டி, அதற்கு "அதனால்" என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு கண்டறிதலுக்கும் எதிரே அங்கே ஏதாவது எழுதப்பட வேண்டும். எழுத முடியாவிட்டால் மாணவர் இன்னும் போதிய அளவு கேட்கவில்லை. ஒரே மாதிரித் திட்டங்கள் அந்த நிரலில்தான் உடையும்.

கேள்வி: ஒரே நோயாளிக்கு மூன்று பேர் பிரஷர் பார்த்தால் மூன்று அளவு வருகிறது. ஏன்?
– மாணவர், கிண்ணியா

பதில்: பெரும்பாலும் ஆயத்தம் போதாததால். நோயாளி சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கப்பட வேண்டும். தொங்கினால் அளவு கூடும். கையில் சுற்றும் பட்டியின் காற்றுப்பை மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். சின்னப் பட்டி பொய்யாகக் கூட்டிக் காட்டும். சட்டைக் கைக்கு மேல் சுற்றாதீர்கள். பட்டியில் காற்று ஏற்றும்போது மணிக்கட்டு நாடி மறையும் அளவுக்கு மேலே 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள்.

சுவாசத்தை எண்ணப் போவதாகச் சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்த்த கையை விடாமல், அப்படியே நெஞ்சைப் பார்த்து 60 விநாடி முழுவதும் எண்ணுங்கள். எல்லார் அட்டையிலும் 18, 20 என்றே இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். சுவாச வேகம்தான் பல வேளைகளில் முதலில் எச்சரிப்பது. அதை ஊகித்து எழுதுவது ஆபத்து.

கேள்வி: வயதான அம்மாவிடம் கேட்டால் மருமகள்தான் பதில் சொல்கிறா. மனநிலை பற்றிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
– மாணவி, மூதூர்

பதில்: மருமகள் சொல்வதையும் கேளுங்கள், அது தேவையான தகவல். பிறகு "பரிசோதிக்கும்போது எல்லாரோடும் தனியத்தான் கதைக்கிறனாங்கள், கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ" என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் பொதுவான நடைமுறையானால் யாருக்கும் மனம் நோகாது. திரையை இழுத்து, பார்க்கும் பகுதியை மட்டும் திறந்து, தொடுமுன் அனுமதி கேளுங்கள். முஸ்லிம் பெண்ணானால், நோன்பு பிடிக்கிறாவா, அந்த நாட்களில் மருந்தை எப்போது எடுக்கிறா என்று றமழான் வருமுன்பே கேட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள். சிங்களம் மட்டும் பேசும் நோயாளிக்கு, கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்த மொழி தெரிந்த ஊழியரைக் கூப்பிடுங்கள்.

மனநிலையைத் தூக்கத்திலிருந்து தொடங்கலாம். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைப்பு வருதா அம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. "ஓம்" என்றால் தனியே விட்டுவிட்டுப் போகாமல் உடனே பொறுப்புத் தாதிக்குச் சொல்லுங்கள். அவ தனிமையில் சொன்ன மற்ற விஷயங்களை மருமகளிடம் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: வயிற்றுக்கு மட்டும் ஏன் பரிசோதனை வரிசை மாறுகிறது?
– மாணவர், நிலாவெளி

பதில்: மற்ற இடங்களில் பார்த்தல், தொடுதல், தட்டுதல், ஸ்டெதஸ்கோப்பால் ஒலியைக் கேட்டல். வயிற்றில் பார்த்தல், கேட்டல், தட்டுதல், தொடுதல். முதலிலேயே தட்டி அழுத்தினால் குடல் ஒலி மாறக்கூடும். முழங்கால்களை மடக்க வைத்து, கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நோகும் இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். தொடும்போது உங்கள் கையைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பாருங்கள்.