கணினிக் கேள்வி பதில்: போக்குவரத்தைக் காட்டித்தரும் சுவிட்ச்

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இயங்கும் எமது கணக்காய்வு அலுவலகத்தில் 16 கணினிகள், 2 பிரிண்டர்கள், 4 கமராக்கள், கமராப் பதிவுக் கருவி, ரவுட்டர் ஆகிய அனைத்தும் ஒரே 24 போர்ட் சாதாரண சுவிட்சில் இணைக்கப்பட்டுள்ளன. முற்பகலில் நெட்வேர்க் திடீரென மந்தமாகிப் பின்னர் தானாகவே சீராகிறது. இணைய இணைப்பில் கோளாறு இல்லை என்கிறார்கள். நெட்வேர்க்கில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை மடிக்கணினியில் நிறுவிச் சுவிட்சில் செருகிப் பார்த்தேன்; மற்றக் கணினிகளின் தரவுப் போக்குவரத்து எதுவும் தென்படவில்லை. உள்ளே நடப்பதைப் பார்க்கவும் அமைப்பை மாற்றவும் இடந்தரும் மனேஜ்ட் சுவிட்ச் வாங்கலாம் என்று பம்பலப்பிட்டியில் விசாரித்தால், ஒரே அளவு போர்ட்டுகளுக்கு விலை பல மடங்கு வேறுபடுகிறது. எதைத் தெரிவுசெய்வது?
– வாசகர், கொழும்பு 06

பதில்: உங்கள் மடிக்கணினியிலும் வயர்ஷார்க்கிலும் பிழை எதுவும் இல்லை. எந்த மெக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய நெட்வேர்க் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் கற்று வைத்துக்கொண்டு, ஒரு கணினிக்குரிய தரவை அதன் போர்ட்டுக்கு மட்டுமே அனுப்புவதால், வேறொரு போர்ட்டில் செருகியவருக்கு எல்லோருக்கும் பொதுவாகப் போகும் அறிவிப்புகள் மட்டுமே வந்துசேரும். வந்ததையெல்லாம் எல்லாப் போர்ட்டுக்கும் ஒலிபெருக்கிபோல அனுப்பிய பழைய ஹப் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை.

இதற்கான வசதிக்குப் போர்ட் மிரரிங் என்று பெயர். சிஸ்கோ கருவிகளில் இதை ஸ்பான் என்பார்கள். தெரிவுசெய்த போர்ட்டின் போக்குவரத்துக்குச் சுவிட்ச் ஒரு பிரதி எடுத்து, நீங்கள் வயர்ஷார்க்குடன் காத்திருக்கும் போர்ட்டுக்கு அனுப்பும். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108ஈ, நெட்கியர் ஜிஎஸ்308ஈ போன்ற மலிவான எட்டுப் போர்ட் சுவிட்சுகளிலேயே இது உண்டு. இந்த வசதி மட்டும்தான் தேவை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கோளாறு வந்துவிட்டுப் போய்விடுகிற வகையைச் சேர்ந்தது. அது வரும் நேரத்தில் சரியான போர்ட்டைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க முடியாது. எனவே எந்தப் போர்ட்டில், எத்தனை மணிக்கு, எவ்வளவு போக்குவரத்து, எத்தனை பிழைகள் என்ற பதிவு முதலில் கையில் இருக்க வேண்டும். அதைத் தருவது, வேறொரு கணினி கேட்கும்போது சுவிட்ச் தன் கணக்குகளைச் சொல்ல உதவும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை. மேலே சொன்ன இரு மாதிரிகளிலும் அது இல்லை. நீங்கள் கண்ட விலை வேறுபாட்டில் ஒரு பகுதி இதனால் வருவதுதான்.

எஸ்என்எம்பி உள்ள சுவிட்சை, லிப்ரெஎன்எம்எஸ் அல்லது சாபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் நிறுவிய பழைய கணினி ஒன்று இடைவிடாமல் விசாரித்து வரைபடமாக்கி வைக்கும். இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. போர்ட்டில் போன பைட்டுகளைச் சுவிட்ச் எண்ணிவைக்கும் 32 பிட் எண்ணி (கவுண்டர்), ஒரு கிகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 34 செக்கனில் நிறைந்து மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துப் போட்ட வரைபடத்தை நம்ப முடியாது. 64 பிட் எண்ணிகள் வேண்டும்; அவை எஸ்என்எம்பியின் முதற் பதிப்பில் கிடையாது. கடவுச்சொல் மறைகுறியாக்கம் இன்றிப் போகாதிருக்க மூன்றாம் பதிப்பே நல்லது.

மிரரிங்கை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஒரு கிகாபிட் போர்ட்டில் போகும் திசையும் வரும் திசையும் சேர்ந்தால் இரண்டு கிகாபிட் வரை ஆகும். பிரதி செல்லும் போர்ட்டோ ஒரு கிகாபிட்தான் தாங்கும், மிஞ்சியது சத்தமின்றிக் கைவிடப்படும். அதைவிட முக்கியமானது, பழுதடைந்து வரும் தரவைச் சுவிட்ச் வாசலிலேயே நிராகரித்துவிடுவதால் அது பிரதியில் இடம்பெறவே மாட்டாது. கேபிள் கோளாறு வயர்ஷார்க்கில் மறுபடி அனுப்பல்களாக மட்டும் தெரியும். எந்தக் கேபிள் என்பதைச் சுவிட்சின் பிழை எண்ணிதான் சொல்லும். கடற்காற்று படும் வெள்ளவத்தையில் செருகிகளின் தொடுமுனைகள் அரிப்பது புதிதல்ல. கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும்; ஒரு சோடி கெட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாமல், இரண்டு சோடிகளே போதுமான 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அனைவரும் கோப்புகளைத் திறக்கும் முற்பகலில் பொதுக் கோப்புகள் உள்ள கணினியின் போர்ட் இப்படி இறங்கியிருந்தால் முழு அலுவலகமும் மந்தமாகும். நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். புதிய சுவிட்சைப் பொருத்திய அன்றே அதன் போர்ட் பக்கத்தில் 100 என்று காட்டும் வரிகளைத் தேடுங்கள்.

இவற்றோடு, மேசைக்கடியில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரோ நெட்வேர்க்கில் செருகிவிட்டால், தரவு சுற்றிச்சுற்றி ஓடி எல்லாம் முடங்காமற் காக்கும் ஆர்எஸ்டிபியும், யாரோ கொண்டுவந்து இணைத்த வீட்டு ரவுட்டர் அலுவலகக் கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கத் தொடங்காமல் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கும் இருக்கட்டும். போக்குவரத்தின் மாதிரிகளை எடுத்து அனுப்பும் எஸ்ஃப்ளோ, சுவிட்சே ரவுட்டர்போல வேலைசெய்யும் மூன்றாம் அடுக்கு ரவுட்டிங் ஆகியவற்றுக்கு உங்கள் அளவில் பணம் செலவிட வேண்டாம்.

உங்கள் 24 போர்ட்டுகளும் நிறைந்துவிட்டன என்பதை மறந்துவிடாதீர்கள். மிரர் போர்ட்டுக்கு இடம் வேண்டும். கமராக்களையும் அவற்றின் பதிவுக் கருவியையும் பழைய சுவிட்சிலேயே விட்டுவிட்டு, அதை ஒரே கேபிளால் புதிய 24 போர்ட் சுவிட்சோடு இணையுங்கள். கமராப் பதிவு அந்தப் பக்கமே தங்கிவிடும். மைக்ரோடிக் சிஆர்எஸ்326 இங்கு சொன்ன வேலைகள் அனைத்தையும் செய்யும். ஆனால் அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் பழக்கமில்லாதவரைத் திணறடிக்கும். வெப் பக்கத்தில் தமக்குத்தாமே அமைப்பைச் செய்ய விரும்புவோர் டிபி-லிங்க் ஜெட்ஸ்ட்ரீம் வரிசையைப் பார்க்கலாம். பெட்டியிலுள்ள 'ஸ்மார்ட்' என்ற சொல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பொருள் தருவதால், கடைக்குப் போகுமுன் அந்த மாதிரியின் விபரத்தாளை இறக்கி, அதில் எஸ்என்எம்பி என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஊழியர்களின் போக்குவரத்தை இவ்வாறு பிரதியெடுப்பது முறையா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இணையத்தளங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் மறைகுறியாக்கப்பட்டே செல்கிறது, தளத்தின் பெயர் தெரியலாம். ஆபத்து அலுவலகத்துக்குள்தான். பல பிரிண்டர்களுக்குப் போகும் ஆவணம் மறைகுறியாக்கமின்றியே செல்வதால், பிடித்த கோப்பிலிருந்து சம்பளப் பட்டியலை அப்படியே மீட்டெடுக்கலாம். வயர்ஷார்க்கில் ஒவ்வொரு பக்கெட்டிலும் (தரவுத் துண்டிலும்) முதல் 128 பைட்டுகளை மட்டும் பிடிக்குமாறு அமைத்தால் கோளாறைத் தேட அது போதும். கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், ஊழியருக்கு எழுத்தில் முன்னறிவிப்பது நிர்வாகத்துக்கே பாதுகாப்பு.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் கழித்த 48 போர்ட் சுவிட்ச் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: தனி அறையும் மின்சாரக் கட்டணத்தில் தாராளமும் இருந்தால் வாங்கலாம். அதன் விசிறிச் சத்தத்தோடு ஒரே அறையில் யாரும் வேலைசெய்ய முடியாது. கடையில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அந்த மாதிரிக்கு உற்பத்தியாளர் இன்னும் பாதுகாப்பு மேம்படுத்தல் வழங்குகிறாரா என்பதையும், பழைய கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.