வாசகர் கேள்வி: அந்தக் குட்டி எப்போது வீட்டுக்குப் போகும்?

கேள்வி: நான் ஏழாம் தரத்துக்குப் பாடம் எடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். ஆபிரிக்காவில் ஒரு புகலிடத்தில் பெண்ணொருவர் சிம்பன்சிக் குட்டி ஒன்றை மடியில் வைத்துப் பால் கொடுக்கிறார். “இது எப்போது வீட்டுக்குப் போகும், டீச்சர்?” என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே அவற்றின் அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: அந்தக் குட்டிக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. தாய்ச் சிம்பன்சி தன் குட்டியை உயிருள்ளவரை விட்டுக்கொடுக்காது. ஆகவே ஒரு குட்டி மனிதர் கைக்கு வந்திருக்கிறது என்றால் அதன் தாயை இறைச்சிக்காகவோ, குட்டியைப் பிடிப்பதற்காகவோ கொன்றுவிட்டார்கள் என்றே பெரும்பாலும் பொருள். காப்பாற்ற ஓடி வந்த மற்றச் சிம்பன்சிகளும் அதே இடத்தில் சுடப்பட்டிருக்கக்கூடும். இதை ஏழாம் தரப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நம் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வார்கள். ஆயம்மா பால் கொடுப்பார், தொட்டிலில் போட்டு ஆட்டுவார், அழுதால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வார். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் தாய் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். புகலிடத்தில் நீங்கள் பார்த்த பெண்ணும் அப்படியொரு ஆயம்மாதான். ஆனால் அவரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள எந்த மாலையிலும் யாரும் வரப்போவதில்லை.

புதிதாக வரும் குட்டியை முதலில் ஏறத்தாழ மூன்று மாதம் தனிமைப்படுத்தி வைப்பார்கள். காசநோய், ஈரல் அழற்சி, குடற்புழு என்று ஒவ்வொன்றாகப் பரிசோதிப்பார்கள். உடலில் தங்கிய ஈயக் குண்டுகளையும், இடுப்பில் கட்டிய கயிறு அறுத்த புண்ணையும் மிருக வைத்தியர் கவனிப்பார். குழந்தைகளுக்கான பால்மாவைக் கரைத்து, இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புகட்ட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ஆளின் அணைப்பு இல்லாவிட்டால் குட்டி தேறாது. காட்டில் அது முதல் சில மாதங்கள் தாயின் உடலை விட்டு இறங்குவதே இல்லை. நான்கைந்து வயது வரை பால் குடிக்கும். அதனால் பராமரிப்பவரின் சட்டையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டே கிடக்கும். போத்தலைக் கழுவ வேண்டுமென்று கீழே இறக்கினால் அதன் அலறல் தாங்க முடியாததாக இருக்கும். ஆகவே அவர் ஒற்றைக் கையால் கழுவப் பழகிக்கொள்கிறார். தூங்கும்போதும் குட்டி அவர் நெஞ்சின் மேல்தான்.

இத்தனை அன்பையும் கொடுத்துவிட்டு, அந்த அன்பிலிருந்து குட்டியைச் சிறிது சிறிதாக விடுவிப்பதுதான் அவருடைய வேலையின் கடினமான பகுதி. முதலில் அதே வயதுக் குட்டிகளோடு விளையாட விடுகிறார்கள். பின்னர் கம்பி வலைக்கு அப்பால் நிற்கும் சாந்தமான பெண் சிம்பன்சி ஒன்றை அறிமுகம் செய்கிறார்கள். வலை வழியே விரல்கள் தொட்டுக்கொள்கின்றன. சில நாட்களில் அந்தப் பெண் சிம்பன்சி குட்டியின் மயிரைக் கோதி அழுக்கு பார்க்கத் தொடங்குகிறது. கதவைத் திறக்கும் நாளில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குட்டி ஓடிப்போய் அந்தப் பெண் சிம்பன்சியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டால், ஆயம்மா வலைக்கு வெளியே வந்துவிட வேண்டும்.

வளர்ந்தவற்றின் நாள் தலை எண்ணுவதில் தொடங்குகிறது. இரவுக் கூடங்களில் எல்லாம் நலமாக இருக்கின்றனவா, யாருக்காவது இருமலா, யாராவது சாப்பிடாமல் மூலையில் குந்தியிருக்கிறதா என்று பார்த்த பின்பே மின்வேலியிட்ட காட்டுப் பகுதிக்குள் திறந்துவிடுவார்கள். வாழைப்பழம், பப்பாசி, மாம்பழம், மரவள்ளி, வற்றாளை, கீரை, கஞ்சி என்று பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அள்ளிப் பரவலாக எறிவார்கள். ஒரே இடத்தில் குவித்தால் பலசாலி உட்கார்ந்துகொள்ளும், மெலிந்தது பட்டினி கிடக்கும். துளையிட்ட மரக்கட்டைக்குள் தேனைத் தடவி வைத்தால் குச்சியை ஒடித்து, இலையை உருவி, துளைக்குள் விட்டு நக்கும். காட்டுச் சிம்பன்சிகள் இப்படிக் கறையான் பிடிப்பதைத்தான் ஜேன் குடால் 1960இல் தன்சானியாவின் கொம்பேயில் கண்டு உலகுக்குச் சொன்னார். மருந்தைப் பழத்துக்குள் ஒளித்துக் கொடுப்பார்கள்; வலையருகே கையை நீட்டவும் வாயைத் திறந்து காட்டவும் பழக்கி வைத்திருப்பதால், சிறு பரிசோதனைக்கெல்லாம் மயக்க ஊசி தேவைப்படுவதில்லை. அநாதைகள் வந்துகொண்டே இருப்பதாலும் இடம் குறைவு என்பதாலும் பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை செய்கிறார்கள். மாலையில் பெயர் சொல்லி அழைத்தால் உள்ளே வந்து, வைக்கோலை வளைத்துப் படுக்கை அமைத்துக்கொள்ளும். ஐம்பது வயது வரை வாழக்கூடிய உயிர் இது. இன்று பால் குடிக்கும் குட்டிக்கு, உங்கள் மாணவி பேரப்பிள்ளை எடுக்கும் காலத்திலும் யாரோ கஞ்சி காய்ச்ச வேண்டியிருக்கும்.

கேள்வி: உடவளவையில் யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிறார்களே, சிம்பன்சிகளை ஏன் அப்படி விடுவதில்லை?
– வாசகர், பண்டாரவளை

பதில்: உடவளவை யானைக்குட்டிகள் நிலையம் 1995இல் தொடங்கப்பட்டது. அதே 1995இல் சியரா லியோனின் தலைநகர் பிரீடவுன் அருகே டக்குகாமா சிம்பன்சிப் புகலிடத்தைத் தொடங்கியவர், இலங்கையில் பிறந்து இளவயதில் அந்நாட்டுக்குப் போன கணக்காளர் பாலா அமரசேகரன். 1988இல் அவரும் மனைவி சர்மிளாவும் நோயுற்றுக் கிடந்த குட்டி ஒன்றைக் கண்டு, மனம் பொறுக்காமல் வாங்கி வந்தார்கள். அதற்குப் புரூனோ என்று பெயர். வீட்டில் வளர்ந்த அந்தக் குட்டியிலிருந்தே புகலிடம் பிறந்தது. அந்நாட்டு உள்நாட்டுப் போரிலும் எபோலா நோய் பரவிய காலத்திலும் அதை அவர்கள் கைவிடவில்லை.

யானைக்குட்டியோடு மனிதர் பழகுவதை முடிந்தவரை குறைத்து, பாலை மட்டும் கொடுத்து, சுமார் ஐந்து வயதில் விட்டுவிட முடிகிறது. சிம்பன்சிக்கு மனிதரின் அணைப்பைக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தபின் அதற்கு மனிதர் மீது அச்சம் போய்விடுகிறது. அச்சமில்லாத சிம்பன்சி ஊருக்குள் வரும். மனிதரை விட அதிகப் பலம் அதற்கு உண்டு. 2006 ஏப்ரலில் புரூனோ உட்பட 31 சிம்பன்சிகள் டக்குகாமாவிலிருந்து வெளியேறியபோது, காரோட்டி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். பெரும்பாலானவை பின்னர் திரும்பி வந்தன; புரூனோ வரவில்லை. இறந்தவருடைய குடும்பத்தின் துயரத்தைச் சொல்லாமல் புரூனோவின் கதையை மட்டும் உருக்கமாகச் சொல்வது நியாயமல்ல.

இன்னொரு தடை காட்டுக்குள்ளேயே இருக்கிறது. சிம்பன்சிக் கூட்டங்கள் தம் எல்லையைக் காவல் காப்பவை. அந்நிய ஆணைக் கண்டால் கூடி அடித்துக் கொல்லும். கொங்கோக் குடியரசின் கொன்குவாத்தியில் 1996 முதல் 37 சிம்பன்சிகளை விடுவித்தார்கள். பெண்கள் சில காட்டுக் கூட்டங்களோடு பழகின. காட்டு ஆண்களின் தாக்குதலில் அதிகம் பாதிக்கப்பட்டவை விடுவிக்கப்பட்ட ஆண்கள். ஆகவே விடுவிப்பது முடியாததல்ல. ஆனால் வேட்டையில்லாத, வேறு கூட்டம் நெருக்கமாக இல்லாத காடு வேண்டும். அத்தகைய காடு சுருங்கிக்கொண்டே போகிறது. சிம்பன்சியை 2019இல் தேசிய விலங்காக அறிவித்த சியரா லியோனிலேயே, சுற்றியுள்ள காடு சட்டவிரோதமாக அழிக்கப்படுவதைக் கண்டித்து டக்குகாமா 2025இல் பார்வையாளருக்குக் கதவை மூடியது.

கேள்வி: கடையில் வாங்கிய நாட்காட்டியில் சட்டை போட்ட சிம்பன்சி ஒன்று பல் தெரியச் சிரிக்கிறது. அது மகிழ்ச்சியாக இருக்கிறதா?
– வாசகி, நுவரெலியா

பதில்: இல்லை. உதடுகளை இழுத்து இரு வரிசைப் பற்களையும் காட்டுவது சிம்பன்சிக்கு அச்சத்தின் முகம். விளையாடிச் சிரிக்கும்போது அது வாயைத் தளர்வாகத் திறக்கும், மேல்வரிசைப் பற்களை உதடு மூடியிருக்கும், மூச்சு வாங்குவது போன்ற ஒலி வரும். அந்தப் படத்தை எடுத்தபோது அதன் முன்னால் யார், எதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களோ! மனிதருக்கு அருகில் நிற்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, அது அழிவை நெருங்கும் உயிர் என்ற எண்ணம் குறைந்துபோகிறது என்பதைச் சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்கியல் பூங்கா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முடிந்தால் அந்த நாட்காட்டியைக் கழற்றி விடுங்கள்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு மேலே மின்கம்பியில் பட்டு ஒரு தாய்க் குரங்கு செத்துவிட்டது. குட்டி உயிரோடு இருக்கிறது. தம்பி அதை வீட்டில் வளர்க்க வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். வளர்க்கலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: வேண்டாம், தங்கச்சி. உங்கள் தம்பியின் இரக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த இரக்கம்தான். ஆனால் அந்தக் குட்டி நம் நாட்டில் மட்டுமே வாழும் செங்குரங்கு. அதன் இடம் கூட்டத்துக்குள்ளே தாயின் இடத்தை வைத்து அமைவது. மனிதர் வீட்டில் அதற்கு அப்படியோர் இடம் கிடையாது. என் சிறு வயதில் எங்கள் டிவிசனுக்குப் போகும் வழியில் ஒரு கடை வாசலில் செங்குரங்கொன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். குட்டியாக இருந்தபோது எல்லோரும் தூக்கிக் கொஞ்சினோம். வளர்ந்து ஒரு பிள்ளையைக் கடித்தபின் கயிறு சங்கிலியாயிற்று. அந்தச் சங்கிலி எட்டும் தூரம் வரை மண் வட்டமாகத் தேய்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

கூட்டம் இன்னும் அருகில் இருந்தால், நாய்களைக் கட்டிவிட்டு எல்லோரும் விலகி நின்று சற்று நேரம் பாருங்கள். சில வேளை உறவுப் பெண் குரங்கு ஒன்று வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். இறந்த தாய் கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் மின்சார சபைக்காரர் வரும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. கூட்டம் வராவிட்டால், தடித்த துணியால் குட்டியைச் சுற்றி எடுத்து, காற்றுப் புகும் பெட்டியில் சூடாகவும் இருட்டாகவும் வைத்து, அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். பசுப்பால் கொடுக்க வேண்டாம், தடிமல் உள்ள யாரும் கிட்டே போக வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, காயம் சிறியதென்று பாராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பெட்டியை ஒப்படைக்கும்போது தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். குட்டி யார் கைக்குப் போகிறது என்பதை அவன் பார்க்கட்டும்.